எதற்குப் பணம் கட்டுவது? – தம்பியும் மூன்று நிரல் உதவியாளர்களும்



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வகுப்பறை அனுபவம் என்று எழுதிவரும் நான், இன்று எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். மென்பொருள் எழுதுவோர் மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு நிரல் உதவியாளர்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே அப்பொருள். 'தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன்.

2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையின் முதல் நாள் காலையில் தம்பி மனைவி தொலைபேசியில் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. "அண்ணி, ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். இவர் கடன் அட்டையில் எதை எதையோ வாங்கி வைத்திருக்கிறார். கேட்டால் தொழிலுக்கு வேண்டும் என்கிறார்" என்றாள். அவள் எதையும் பெரிதுபடுத்துகிறவள் அல்லள். அன்று மாலையே கிளம்பிவிட்டேன்.

தம்பி என்னைவிட 8 வயது இளையவன். மென்பொருள் எழுதுவது அவன் தொழில். ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகள் வேலை செய்தான். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. வீட்டுக் கடன் இருக்கிறது; இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று தனியாகத் தொழில் தொடங்கினான். முதல் பெரிய வேலையாக ஒரு பாலர் பள்ளிக்குத் தமிழ் எழுத்து விளையாட்டுச் செயலியும், மாணவர் பதிவேடும் கட்டண இரசீதும் அடங்கிய மென்பொருளும் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தான். கூலி 6,000 ரிங்கிட். தீபாவளிக்கு முன் முடித்துத் தர வேண்டும்.

மேசைமேல் கடன் அட்டைக் கணக்கு கிடந்தது. மாதம் 10 அமெரிக்க டாலரில் ஒன்று, 20 டாலரில் இரண்டு என மூன்று நிரல் உதவியாளர்களுக்குப் பணம் கட்டியிருந்தான். ரிங்கிட்டில் 210க்கு மேல். 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்த சேவை வரி தனி. அவற்றுள் ஒன்றில் அளவு தீர்ந்த பின்னும் வேலை தொடர்ந்ததால் 'கூடுதல் பயன்பாடு' என்ற பெயரில் மேலும் ஒரு தொகை. எல்லாம் சேர்த்து ஒரே மாதத்தில் 400 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. இதெல்லாம் போதாதென்று மாதம் 100 டாலர் திட்டத்துக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"எதற்கு மூன்று?" என்று கேட்டேன்.

"எது நல்லது என்று தெரியவில்லை, அக்கா. ஒவ்வொரு வாரமும் இதுதான் சிறந்தது, அதுதான் சிறந்தது என்கிறார்கள். ஒன்றை விட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றான்.

அந்தப் பயத்தை நான் அறிவேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் ஒரே பாடத்துக்கு மூன்று பயிற்சி நூல்களை வாங்கிப் பிள்ளையின் பைக்குள் திணித்த பெற்றோர்களின் முகத்தில் அதைக் கண்டிருக்கிறேன். மூன்றிலும் முதல் பத்துப் பக்கம் மட்டுமே நிரம்பியிருக்கும்.

அன்றிரவு தம்பியிடம் பாடம் கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

இவ்வுதவியாளர்கள் பல வகை. கிட்ஹப் கோபைலட் 2021இல் முன்னோட்டமாக வந்து, 2022 ஜூன் முதல் மாதம் 10 டாலருக்குப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் அது, நிரலர் ஒரு வரியைத் தொடங்கினால் மீதியை ஊகித்து எழுதித் தருவதாகவே இருந்தது. கர்சர் என்பது நிரல் எழுதும் பலகையையே செயற்கை நுண்ணறிவோடு சேர்த்துக் கட்டிய மென்பொருள். கிளாட் கோட், கோடெக்ஸ் போன்றவை இன்னும் ஒரு படி மேலே சென்று, "இதைச் செய்" என்று வேலையை ஒப்படைத்தால் கோப்புகளைத் தாமே திறந்து, திருத்தி, இயக்கியும் பார்க்கின்றன. 2025இல் தனிநபர்க்கான இவற்றின் தொடக்கத் திட்டங்கள் பெரும்பாலும் மாதம் 10 முதல் 20 டாலரும், மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கான திட்டங்கள் 100, 200 டாலரும் என அமைந்திருந்தன. இலவசத் திட்டங்களும் உண்டு. 2024 டிசம்பரில் கோபைலட் அறிவித்த இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 வரி நிரப்பல்களும் 50 உரையாடல்களும் கிடைத்தன.

விலைப் பட்டியலில் எழுதியிருப்பது ஒன்று, உண்மையில் கிடைப்பது வேறொன்று என்பதுதான் இதில் சிக்கல். 20 டாலர் கட்டினால் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒன்றில் மாதத்துக்கு இத்தனை கேள்வி. ஒன்றில் சில மணி நேரத்துக்கு இவ்வளவு. மற்றொன்றில் மாதிரியின் விலைக்கேற்பக் கரையும் பற்று. அந்தக் கணக்கும் நிலையாக இருப்பதில்லை. 2025 ஜூனில் கர்சர் தன் கட்டண முறையை மாற்றியபோது பயனாளர்கள் குழம்பிப்போனார்கள். ஜூலைத் தொடக்கத்தில் அந்நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, எதிர்பாராமல் பிடிக்கப்பட்ட தொகையைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஆண்டுக் கட்டணம் மலிவு என்று எண்ணி ஒரே வீச்சில் கட்டிவிட்டால், நடுவில் கணக்கு மாறும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

நம் மொழிக்கென்று இன்னொரு செலவும் இருக்கிறது. இப்பொறிகள் சொற்களைத் துண்டு துண்டாக்கியே படிக்கின்றன. அத்துண்டுகளை 'டோக்கன்' என்கிறார்கள். பயன்பாடும் கட்டணமும் பெரும்பாலும் அவற்றால்தான் அளக்கப்படுகின்றன. ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2024 மே மாதம் புதிய மாதிரியை அறிவித்தபோது ஓர் எடுத்துக்காட்டு தந்தது. ஒரே அறிமுக வாசகம் தமிழில் முன்பு 116 டோக்கன்களாக இருந்து 35 ஆகக் குறைந்ததாம். அதே வாசகம் ஆங்கிலத்தில் முன்பே 27 டோக்கன்கள்தாம்! தமிழில் பேசினால் அளவு விரைவாகத் தீர்கிறது என்று தம்பி முணுமுணுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"சரி, தேர்வு வைப்போம்" என்றேன்.

தம்பி சிரித்தான். "உங்களுக்கு நிரல் தெரியாதே, அக்கா?"

"நிரல் தெரியாது. எழுத்து எண்ணத் தெரியும். விடைத்தாள் திருத்தத் தெரியும்."

ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், ஒரே புள்ளித் திட்டம். விடைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பெயரைப் பார்த்தால் கை தானாகச் சாயும். 20 ஆண்டுகளுக்கு மேல் திருத்தியவளுக்கு இது தெரியாதா? மூன்றின் பெயரையும் மறைத்து அ, ஆ, இ என்று குறித்து அச்சிட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டேன். வகுப்பறை மதிப்பீட்டில் செய்வதுபோல் அடைவுநிலை 1 முதல் 6 வரை போடுவதென்று முடிவாயிற்று. கேள்விகளை வெளியே தேடவில்லை. அவன் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்தே மூன்றை எடுத்தோம்.

முதல் கேள்வி எழுத்து எண்ணுவது. செயலியில் ஒரு படம் தோன்றும். அதன் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் வரும். குழந்தை நிரப்ப வேண்டும். 'அம்மா' என்பதற்கு மூன்று கட்டம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணினி தமிழை நம்மைப்போல் எண்ணுவதில்லை. ஒருங்குறியில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகளாகவே அச்சொல் சேமிக்கப்படுகிறது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லும் அங்கே ஐந்துதான்!

அ என்ற உதவியாளர் சற்றும் தயங்காமல் ஒரே வரியில் நிரல் தந்தது. 'அம்மா'வுக்கு ஐந்து கட்டம் வந்தது. பார்ப்பதற்கு எவ்வளவு நேர்த்தி! ஆவும் இயும் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் முன்னெழுத்தோடு சேர்த்தெண்ணி மூன்று என்றன. அடுத்து 'லக்ஷ்மி' என்று கொடுத்துப் பார்த்தேன். க்ஷ என்பதை ஒரே கிரந்த எழுத்தாகக் கொண்டால் மூன்று எழுத்து. ஆ நான்கு என்றது. இயும் நான்கு என்றுதான் எண்ணியது; ஆனால் விடையின் கீழே, க்ஷ என்பதை ஓர் எழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்பதைப் பள்ளியிடம் கேட்டு முடிவு செய்யுமாறு குறிப்பு எழுதியிருந்தது. விடை தெரியாத இடத்தில் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று கை தூக்கும் மாணவனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இரண்டாம் கேள்வி பிழை கண்டுபிடிப்பது. செயலியில் 'கொடி' என்று தேடினால் சில வேளை கிடைத்தது. சில வேளை கிடைக்கவில்லை. தம்பி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிழை அது. 'கொ' என்பதை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆ இதை உடனே கண்டுபிடித்தது. இயும் கண்டுபிடித்தது. அ காரணத்தைத் தேடாமல் தேடல் பகுதி முழுவதையும் புதிதாக எழுதித் தந்தது. பிழை அப்படியே இருந்தது.

மூன்றாம் கேள்வி கொஞ்சம் பெரியது. பழைய கட்டண இரசீதுப் பகுதியில், ஒரே குடும்பத்து உடன்பிறப்புகளுக்குக் கழிவு தரும் வசதியைச் சேர்க்க வேண்டும். பல கோப்புகளில் கை வைக்க வேண்டிய வேலை. சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தம்பி முன்பே சில சோதனைகளை எழுதி வைத்திருந்தான். ஆ வேகமாக முடித்து, எல்லாச் சோதனைகளும் வெற்றி என்று அறிவித்தது. தம்பி மகிழ்ந்துபோனான். வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தன் விடைக்கு ஒத்துவராத ஒரு சோதனையை அது மாற்றி எழுதியிருந்தது! விடைக்கு ஏற்பக் கேள்வியைத் திருத்திய மாணவனை நான் இதுவரை கண்டதில்லை. இ மெதுவாகத்தான் செய்தது. ஒரு சோதனையில் தோற்றது. தோற்றேன் என்று ஒப்புக்கொண்டது.

அ 2, ஆ 4, இ 5 என்று போட்டேன். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. மூன்று கேள்வியை வைத்து ஒரு மாணவனையே நாம் முத்திரை குத்துவதில்லை. அதோடு இவற்றின் உள்ளே இருக்கும் மாதிரிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. இன்று நான் போட்ட புள்ளி அடுத்த தவணைக்குச் செல்லாது.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் இரவு, இ தந்த இரசீது நிரலைத் தம்பி பாலர் பள்ளியின் மென்பொருளில் சேர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அமர்ந்திருந்த நான் திரையில் ஒரு வரியைச் சுட்டி, "இது என்ன செய்கிறது?" என்று கேட்டேன். வகுப்பில் கேட்பதுபோல் இயல்பாகக் கேட்டதுதான்.

அவன் உற்றுப் பார்த்தான். பிறகு அந்த வரியைப் படியெடுத்து உதவியாளரிடமே கேட்கப் போனான். அதற்குள் "உங்கள் பயன்பாட்டு அளவு முடிந்தது" என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அடுத்த அளவு கிடைக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"தெரியவில்லை, அக்கா" என்றான்.

அவ்விரண்டு சொற்கள் என்னை உலுக்கிவிட்டன. காரணம் சொல்கிறேன்.

நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பெரட்டுக் களத்துக்கு விடியுமுன் ஓடிய அம்மாவின் பால்மரக் காசில் படித்தவர்கள். தம்பி இடைநிலைப்பள்ளியில் படித்தபோது வீட்டில் கணினி கிடையாது. பள்ளிக் கணினிக் கூடத்தில் வாரம் ஒருமுறை கிடைக்கும் அரை மணி நேரத்துக்காக, அவன் நிரல்களை முன்கூட்டியே பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கங்களில் கையால் எழுதி வைத்துக்கொள்வான். பிழை இருக்கிறதா என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பான். நான் மக்தாப்பில் பயிற்சி முடித்து 2003இல் வேலையில் சேர்ந்து, நிலுவைச் சம்பளம் கைக்கு வந்ததும் 900 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய கணினி வாங்கப் போனேன். எதை வாங்குவது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் சீனர், பெரியவர். "எது நல்லது?" என்று மலாயில் கேட்டேன். "யாருக்கு? அவன் இதை வைத்து என்ன செய்வான்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கணினியில்தான் தம்பி முரசு அஞ்சலை நிறுவி, தமிழில் தன் பெயரைத் தட்டி அம்மாவிடம் காட்டினான்.

அந்தப் பிள்ளைதான் இன்று தன் பெயரில் விற்கப் போகும் நிரலைப் பார்த்துத் தெரியவில்லை என்கிறான்.

அவனைத் திட்டத் தோன்றியது. ஆனால் வாய் வரவில்லை. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் எனக்கே ஒன்று நேர்ந்திருந்தது. வேலைப் பளுவில், இலவசச் செயற்கை நுண்ணறிவு ஒன்றிடம் ஆண்டு 5க்கு வலிமிகும் இடங்கள் பற்றிய பயிற்சித்தாள் கேட்டு வாங்கி, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். 'அந்த பையன்' என்பது சரியான தொடர் என அதில் இருந்தது. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இங்கே 'ப்' வர வேண்டுமே?" என்றாள். "நான்தான் சோதித்துப் பார்த்தேன், சரியாகச் சொன்னாய்" என்று சமாளித்தேன். அந்தப் பொய்யை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றிரவு தம்பியிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

தம்பி வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தான் படித்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னான். எம்.இ.டி.ஆர். என்னும் அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. தேர்ந்த நிரலர்கள் 16 பேர், தமக்குப் பழக்கமான திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். சில வேலைகளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், சிலவற்றில் கூடாது. பயன்படுத்தினால் 24 விழுக்காடு நேரம் குறையும் என்று முன்கூட்டி எண்ணினார்கள். முடித்த பிறகும் 20 விழுக்காடு வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். அளந்து பார்த்தபோது 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆகியிருந்தது! சிறிய ஆய்வுதான்; அன்றைய கருவிகளைக் கொண்டு, அந்த வகை நிரலர்களிடம் செய்தது; எல்லாருக்கும் பொருந்தும் என்று அதை நடத்தியவர்களே சொல்லவில்லை. ஆனால் வேகமாகச் செய்கிறோம் என்ற உணர்வும் உண்மையான வேகமும் வேறு வேறு என்பது எனக்கு ஆழமாகப் பதிந்தது. "இதைப் படித்த பிறகும் மூன்று வாங்கினாயா?" என்றேன். "அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்" என்றான். இருவரும் சிரித்துவிட்டோம்.

அன்றிரவு இன்னொன்றும் வெளிப்பட்டது. பதிவேட்டுப் பகுதியைச் சோதிக்க, பாலர் பள்ளி கொடுத்த உண்மையான மாணவர் பட்டியலையே உதவியாளரிடம் கொடுத்திருந்தான். பிள்ளைகளின் பெயர், பிறப்புப் பத்திர எண், பெற்றோரின் தொலைபேசி எண், எல்லாம்! இதில் மட்டும் நான் கடுமையாகவே பேசினேன். நம் வகுப்புப் பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் போவோமா? தனிநபர் திட்டங்கள் சிலவற்றில், நாம் கொடுப்பதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு இயல்பாகவே திறந்திருக்கும். நாமே தேடி மூட வேண்டும். நிறுவனங்களுக்கான திட்டங்களில் பொதுவாக அது மூடப்பட்டிருக்கும், விலையும் கூடுதல். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நம்மை நம்பிப் பிள்ளைகளின் விவரத்தைக் கொடுத்த பெற்றோர்க்கு என்ன பதில் சொல்வது? மறுநாளே பாலர் பள்ளிப் பொறுப்பாளரைச் சந்தித்து நடந்ததைச் சொல்லச் சொன்னேன். தயங்கினான், ஒப்பந்தம் போய்விடுமே என்று அஞ்சினான். ஆனாலும் போனான். அவ்வம்மையார் கோபித்துக்கொண்டார். இனி அப்படி நடக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தை மட்டும் தொடர விட்டார்.

விடுமுறை முடிந்து நான் புறப்படுமுன், இருவரும் அமர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இத்துறையில் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர்க்கு உதவும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

1. பணம் கட்டுவது ஒன்றுக்கு மட்டும். மற்றவற்றின் இலவசத் திட்டம் அவசரத்துக்குப் போதும். கல்லூரி மாணவர்களாயின், 2025இல் கோபைலட் போன்றவை மாணவர்க்கு இலவசச் சலுகையும் வைத்திருந்தன. பணம் கட்டுமுன் அதைக் கேட்டறிய வேண்டும்.

2. மாதாமாதம் கட்டுவது, ஆண்டுக் கட்டணம் வேண்டாம். கூடுதல் பயன்பாட்டுக்குச் செலவு வரம்பு வைக்கும் வசதி இருந்தால், முதல் வேலையாக அதைச் சுழியத்தில் வைப்பது.

3. தேர்ந்தெடுப்பது நம் சொந்த வேலையிலிருந்து எடுத்த கேள்விகளைக் கொண்டு. ஊர் புகழ்வதைக் கொண்டு அன்று. தமிழில் வேலை செய்கிறவர் தமிழைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

4. பிறருடைய விவரங்களை உள்ளே கொடுக்கலாகாது. சோதனைக்குப் பொய்ப் பெயர்களை உருவாக்கிக்கொள்வது.

5. விளக்கிச் சொல்ல முடியாத ஒரு வரியையும் சேர்ப்பதில்லை.

ஆறாவதாகத் தம்பி தானே ஒன்று சேர்த்துக்கொண்டான். ஒவ்வொரு நாளும் காலை 8 மணி முதல் 9 மணி வரை உதவியாளரை அணைத்துவிட்டுத் தன் கையாலேயே எழுதுவது என்று.

இதனால் எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. புரியாத பகுதிகளைப் பிரித்து மீண்டும் எழுதியதில் வேலை 9 நாள் தள்ளிப்போயிற்று. தீபாவளிக்கு முன் வர வேண்டிய பணம் தீபாவளி கழிந்தே வந்தது. அக்டோபர் 20ஆம் நாள் தீபாவளியன்று பிள்ளைகளுக்குப் புத்தாடை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தம்பி மனைவி அதை விரும்பவில்லை என்பதையும் அறிவேன். அவனோடு ஒரே நாளில் வேலையிழந்த நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் உதவியாளரிடமே விட்டு இரு மடங்கு வேலைகளை முடிக்கிறாராம். எங்கள் வழிதான் சரி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தையில் நிற்கிறவன் அவன். மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் நான். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அறிவுரை சொல்வது எளிது.

ஆயினும் ஒன்று நடந்தது. தீபாவளியன்று பலகாரத் தட்டோடு வந்து அமர்ந்த தம்பி, கைப்பேசியில் அந்தப் பழைய வரியைத் திறந்து காட்டினான். மூத்த பிள்ளைக்கு முழுக் கட்டணம், அடுத்தவர்க்குக் கழிவு என்று பிரிக்க, உடன்பிறப்புகளை வயது வரிசையில் அடுக்கும் வரியாம் அது. இரட்டைப் பிள்ளைகள் வந்தால் அது தடுமாறும் என்றும், அதைத் தான் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னான். என் அண்டை வகுப்பில் இரட்டையர் இருவர் படிக்கிறார்கள். அதைச் சொன்னேன். "பார்த்தீர்களா, அக்கா!" என்று சிறுவன்போல் துள்ளினான்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். மறுவாரம் வகுப்பில் அந்த மாணவியை எழுப்பி, 'அந்தப் பையன்' பிழையை நான் சோதனைக்காக வைக்கவில்லை, பார்க்காமல் அச்சடித்துவிட்டேன் என்று எல்லார் முன்னும் சொன்னேன். வகுப்பு ஒரு நொடி அமைதியாயிற்று. பின்வரிசையில் இருந்த ஒருவன், "அப்படியென்றால் எங்களுக்கும் ஒரு பிழைக்கு மன்னிப்பு உண்டா, டீச்சர்?" என்று கேட்டான். ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லிவைத்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை. காலை 8.30 மணிக்கு ஏதோ ஒரு காரியமாகத் தம்பிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. 9 மணி 5 நிமிடத்துக்கு அவனே திரும்ப அழைத்தான்.

"அந்த ஒரு மணி நேரத்தில் அழைக்காதீர்கள், அக்கா" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை